ஜோடிக்கு ஒண்ணு

— இன்னொரு தடவ படி. ஆபீஸ் ரிப்போர்ட்டுல அந்த வரிய மட்டும்.

— விடுக்கா. எத்தன தடவ படிச்சாலும் அதேதான் இருக்கும்.

— படிடா. என் கண்ணாடி மேக்கப் பெட்டியோட மூட்டைக்குள்ள போயிடுச்சு.

— "கண்ணாடிக் கூடம். பாட்டும் நடனமும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முந்நூறு. சராசரி வருகை நூற்று எழுபது. கடந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் கூடம் நிறையவில்லை." போதுமா?

— ஒரு நாள் கூட.

— ஆமாக்கா. அப்படித்தான் போட்டிருக்கு.

— தெரியாமத்தான் கேக்கறேன், ஒன்பது வருஷமா நான் யாருக்குடா பாடினேன்? நாற்காலிக்கா? இங்க நாற்காலியே கெடையாதே, எல்லாரும் நின்னுதானே ஆடுவாங்க!

— ஆபீஸ்ல உக்காந்து எழுதறவங்களுக்கு என்ன தெரியும். நீ அந்த ஒயர சுத்து.

— முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவனுங்க தோட்டத்தையே மறைக்கிறானுங்க. எழுதினவன் கை விளங்குமா?

— அக்கா, சாபம் விடாத.

— ஏன், உனக்கு எங்க வலிக்குது?

— எனக்கு ஒண்ணுமில்ல. காலங்காத்தால எதுக்குன்னேன்.

— அந்த ட்யூப்லைட்ட மொதல்ல அணைடா. இந்த வெளிச்சத்துல பாக்க சகிக்கல. ராத்திரி இந்தக் கண்ணாடியெல்லாம் மினுக்கும்போது அரண்மனைல நிக்கறோம்னு நெனச்சிருக்கேன். இப்ப பாத்தா பஸ் ஸ்டாண்டு கழிப்பறை மாதிரி இருக்கு.

— பார்க்குல நம்ம டான்ஸ் வீதி முழுக்க அப்படித்தான் இருக்கு. இடிக்கறதுக்காக ஏழு ஹால்லயும் போர்டக் கழட்டிட்டானுங்க. பகல்ல ராட்டினத்துக்கு வர்றவங்க எட்டிப் பாத்துட்டு, இது என்ன குடோனான்னு கேக்கறாங்க.

— கேப்பாங்க. இந்தச் செவத்தப் பாரு. எவ்ளோ கை ரேகை! மேல வரைக்கும் இருக்கு. கூட்டம் நெருக்கினாத்தான செவத்துல கை ஊணுவான்? நூத்தி எழுபது பேர் இருந்தா நடு ஹால்ல காலப் பரப்பிட்டு ஆட மாட்டானா?

— தெரியலக்கா.

— உனக்குத் தெரியலன்னா வேற எவனுக்குடா தெரியும்? வாசல்ல நின்னது நீதானே! ஆபீஸ்லேர்ந்து அந்த அதிகாரி பதினொரு மணிக்கு வர்றார்ல, நான் விடப் போறதில்ல. ஆறு ஹால இடிச்சுப் பனி விளையாட்டு மண்டபம் கட்டட்டும், பாட்டி தாத்தா பேரன் பேத்தின்னு எட்டு மணிக்குள்ள வீட்டுக்குப் போறவங்க வந்து வழுக்கி விழுந்துட்டுப் போகட்டும். ஒரு ஹால சாயங்காலப் பாட்டுக்கு வச்சுக்கலாமான்னு அவங்களே யோசிக்கறாங்கல்ல? அந்த ஒண்ணு இதுவா இருக்கணும்.

— நூத்தி எழுபதுன்னு பேப்பர்ல இருக்கறப்ப எப்படிக்கா வச்சுக்குவாங்க?

— அதத்தான் ஒடைக்கப் போறேன். டிக்கெட்டு பாத்துச் சொல்ல முடியாது. காலைல ராட்டினத்துக்கும் ராத்திரி டான்ஸுக்கும் ஒரே டிக்கெட்டு. அப்ப எந்த ஹால்ல எத்தன பேர்னு எப்படித் தெரியும்? வாசல்ல நிக்கறவன் கைல இருக்கற எண்ற மிஷின்லதான் தெரியும். நீ எழுதின நோட்டு உங்கிட்ட இருக்குல்ல? எடு. ரெண்டையும் பக்கத்துல வச்சா, ஆபீஸ்ல எவன் திருத்தினான்னு வெளில வந்துடும்.

— என்னைய இதுல இழுக்காதக்கா.

— கூடப் பொறந்தவன இழுக்காம வழியில போறவனையா இழுப்பாங்க? எடுடா நோட்ட.

— நோட்டுலயும் அதேதான் இருக்கு.

— எதே?

— நூத்தி எழுபதுதான். சில நாள் நூத்தம்பது, சனிக்கெழமன்னா எரநூத்தி நாப்பது. ஆபீஸ்ல யாரும் திருத்தல. நான் எழுதிக் குடுத்தததான் அச்சடிச்சிருக்காங்க.

— வெளையாடாத.

— வெளையாடல.

— எனக்கு முன்னாடி ரெண்டு வரிசதான் தெரியும், மிச்சமெல்லாம் லைட்டு கண்ணுல அடிக்கும். ஆனா காது இருக்குல்லடா. காலி ஹால்ல பாடினா குரல் செவத்துல மோதி நம்ம மூஞ்சிலயே வந்து விழும். இப்பப் பேசறோமே, அந்த மாதிரி. ஆளு நெறஞ்சிருந்தா அப்படியே உள்ள வாங்கிக்கும். ஒன்பது வருஷத்துல என் குரல் எங்கிட்ட திரும்பி வந்ததே இல்ல. அப்ப என் காது பொய்யா?

— உன் காது பொய்யில்ல. மிஷின்தான் பொய்.

— மிஷின் கெட்டுப் போச்சா?

— இல்லக்கா. நான் சரியா அமுக்கல.

— புரியற மாதிரி சொல்லு.

— ஜோடிக்கு ஒண்ணு அமுக்குவேன்.

— என்னது?

— ரெண்டு பேர் சேந்து வந்தா ஒரு அமுக்கு. இங்க தனியா எவன் வர்றான்? எல்லாம் ஜோடிதான். நூத்தி எழுபதுன்னா முந்நூத்தி நாப்பது. சனிக்கெழம நானூத்தி எண்பது கூட இருந்திருக்கு. நான் அதுல பாதிய எழுதினேன்.

— ஏன்டா? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?

— கத்தாத. வெளில ஆளுங்க இருக்காங்க.

— இருக்கட்டும்! ஏன்டா?

— பேப்பர்ல இருக்கற ஒன்பது வருஷத்துக்கு முந்தி, நாம வந்த மொத வருஷம் ஞாபகம் இருக்கா? தீயணைப்புக்காரங்க முந்நூறுக்கு மேல ஒரு ஆள விடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. நானும் ஒழுங்காத்தான் எண்ணினேன். முந்நூறு ஆனதும் கதவ மூடுவேன். மத்த ஹால்ல ரெண்டு பேர் போனா ரெண்டு பேர விடலாம். இங்க ஒருத்தனும் வெளில வரமாட்டான். நீ பாடினா எவன் வருவான்? வெளில ஒரு மணி நேரம் நின்னுட்டு, திட்டிட்டு அடுத்த ஹாலுக்குப் போயிடுவாங்க.

— நல்லா பாடினா போகத்தான மாட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?

— அதத்தான் மேனேஜரும் கேட்டாரு. "உங்க அக்காவால கதவு அடச்சுக்குதுப்பா, ரெக்கார்டு போட்டா ரெண்டு பாட்டு கேட்டுட்டு நகருவாங்க, அடுத்த மாசம் பாட்ட நிறுத்திடலாம்"னாரு.

— எங்கிட்ட அவர் சொல்லவே இல்லையே.

— எங்கிட்டதான் சொன்னாரு, உங்கிட்ட பக்குவமா சொல்லச் சொல்லி. நான் எப்படிக்கா சொல்லுவேன்? மாமா உன்ன விட்டுட்டுப் போன வருஷம் அது. நீ சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. மேடைல ஏறினா மட்டும்தான் மனுஷியா இருந்த. அன்னிக்கு ராத்திரிலேர்ந்து ஜோடிக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சேன். கதவு மூடவே இல்ல. மேனேஜரும் கண்டுக்கல. மாசக் கடைசில "பரவால்லயே, கூட்டம் நகருதே"ன்னாரு.

— படுபாவி.

— உனக்காகத்தான் பண்ணேன்.

— எனக்காகன்னு சொல்லாத! என் தலைலதான்டா வந்து விடிஞ்சிருக்கு. அப்புறமாவது ஒழுங்கா எண்ணியிருக்கலாம்ல? அந்த மேனேஜர் போயி ஆறு வருஷம் ஆச்சே!

— எண்ணலாம்னுதான் நெனச்சேன். ஒருநாள் கரண்டு போச்சே, ஞாபகம் இருக்கா?

— மறப்பேனா? மைக்கே இல்லாம பாடினேன். ஒருத்தரும் நகரல. இருட்டுல அத்தன பேரும் கூடவே பாடினாங்க. என் ஆயுசுல அது மாதிரி ஒரு ராத்திரி இல்ல.

— உனக்கு அப்படி. உள்ள நானூத்தி அறுபது பேரு, வெளிய வர ஒரே கதவு. நீ பாட்ட நிறுத்தியிருந்தா எவனாவது ஒருத்தன் பயந்து ஓடியிருப்பான். அவன் பின்னாடி எல்லாரும். எத்தன பேர் மிதிபட்டிருப்பாங்கன்னு வாசல்ல நின்னு எண்ணிட்டே இருந்தேன். அப்ப மட்டும் ஒழுங்கா எண்ணினேன்.

— அடப்பாவி. அன்னிக்கு முன்வரிசைல ஒருத்தி மயங்கி விழுந்தாளே...

— காத்து பத்தாம விழுந்தா.

— நான் என் பாட்டுலதான் மயங்கிட்டான்னு வீட்ல வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன். உன் பொண்டாட்டி கூட சிரிச்சா.

— அவளுக்குத் தெரியும்.

— ஓஹோ. அவளுக்கும் தெரியுமா? ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாதா?

— மறுநாள்லேர்ந்து சரியா எண்ணிடலாம்னு மிஷின கையில எடுத்தேன்க்கா. எடுத்தா, நேத்து வரைக்கும் எரநூறு, இன்னிக்கு நானூறா, எப்படின்னு கேப்பாங்களே. பதில் என்ன சொல்றது? ஒரு பொய்ய ஆரம்பிச்சுட்டா அதுக்கு தெனமும் தீனி போட வேண்டியதா இருக்கு.

— மத்த ஆறு ஹால்? அங்கயும் காத்தாடுதுன்னுதான எழுதியிருக்கு?

— ஜாஸ் ஹால் வாசல்ல நிக்கற நெட்டையன் என்னப் பாத்துக் கத்துக்கிட்டான். அவனப் பாத்து மாடி ஹால் மீசைக்காரர். ஆறு மாசத்துல வீதி முழுக்க ஜோடிக்கு ஒண்ணுதான். புதுசா வாசலுக்கு வர்ற ஆளுக்கு மொத நாள் அதான் சொல்லிக் குடுப்போம், "முந்நூறத் தொட்டுறாத"ன்னு. நெட்டையன் இன்னும் ஒரு படி மேல போயி, குடும்பத்துக்கு ஒண்ணுன்னு ஆக்கிட்டான்.

— யானை தன் தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்குமாம். நீங்க ஏழு பேரும் சேந்து வீதி தலைலயே போட்டுட்டீங்க. கூட்டம் தாங்காம பிதுங்கின வீதிய, ஆளே வரலன்னு இடிக்கப் போறான்! சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

— ஒவ்வொருத்தனும் அவனவன் ஹாலத்தான்க்கா பாத்தான். எல்லாத்தையும் கூட்டி எவனாவது வீதியையே மூடுவான்னு யாருக்குத் தெரியும்?

— இப்ப தெரிஞ்சுதுல்ல? அந்தாளு வந்ததும் சொல்லு.

— சொன்னா நான் உள்ள போவேன்.

— உள்ளன்னா? ஜெயிலுக்கா?

— முந்நூறு பேருக்கு அனுமதி. நானூத்தி எண்பது பேர விட்டிருக்கேன், ஒன்பது வருஷம், கையெழுத்து போட்டு. வேலை போறது மட்டுமில்லக்கா, கேஸு. பெரியவ இந்த வருஷம் பரீட்சை எழுதறா. சின்னவளுக்கு நான் இல்லாம தூக்கமே வராது.

— எனக்கு அம்பத்திரண்டு வயசுடா. இனி எந்த ஹால்ல என்ன ஏத்துவான்? இந்த ஹால் போனா அதோட நான் முடிஞ்சேன். அத யோசிச்சியா நீ?

— யோசிக்காம இல்ல.

— நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஒரு நாள் கூட நெறையலன்னு என் பேர்ல எழுதி வச்சுட்டுப் போக விடமாட்டேன். செத்தாலும் விடமாட்டேன்.

— அக்கா, வண்டி வந்து நிக்குது. அவர்தான்.

— வரட்டும்.

— கைய புடிச்சுக் கேக்கறேன்...

— விடுடா கைய.

— வணக்கம் மேடம். கதவு தெறந்தே இருந்துச்சு, வந்துட்டேன். அடடா, தம்பியும் இங்கதான் இருக்காரா? நல்லதாப் போச்சு.

— வாங்க சார். உக்கார எடமில்ல, அந்த ஸ்பீக்கர் பெட்டி மேல உக்காருங்க.

— பரவால்ல, நிக்கறேன். நான் என்ன சொல்றேன்னா, எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. சாயங்காலம் ஃபைல் மேல போகுது. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் நேர்ல பாத்துடணும்னு வந்தேன். தரை.

— தரையா?

— இந்தப் பலகைதான். நான் இந்தப் பிரிவுக்குப் புதுசு. இதுக்கு முன்னாடி பொருள் வாங்கற பிரிவுல இருந்தேன். ஆடற தரைக்குப் போடற பலகை ஏழு வருஷம் உழைக்கணும். இந்த ஹால்ல ஒன்பது வருஷத்துல நாலு தடவ மாத்தியிருக்காங்க. நூத்தி எழுபது பேர் ஆடி இப்படித் தேயாது. பாருங்க, நடுவுல குழியே விழுந்திருக்கு.

— அவர் என்ன கேக்கறாருன்னு கேட்டியாடா?

— கேட்டேன்க்கா.

— நான் என்ன சொல்றேன்னா மேடம், ஒரு ஹால மட்டும் வச்சுக்கலாம்னு எனக்கும் ஆசை இருக்கு. பனி மண்டபம் கட்டினா கட்டட்டும், சாயங்காலம் ஒரு நல்ல பாட்டு கேக்க எடம் வேணாமா? இடம் இருக்கு, ஆள் இருக்கீங்க. எண்ணிக்கைதான் குறுக்க நிக்குது. எண்ணினதுல தப்புன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், இன்னிக்கே ஃபைல நிறுத்திடுவேன். உண்மையிலயே நானூறு ஐநூறு பேர் வந்திருந்தா, இன்னொரு வாசல் வச்சு ஹாலயே பெருசாக்கச் சொல்லுவேன். நீங்கதான் பாடுவீங்க. அத நானே எழுதிக் குடுக்கறேன்.

— நெசமாவா சார்?

— நெசமா. ஆனா ஒண்ணு. தப்புன்னு எழுதினா, யார் எண்ணினதுன்னும் எழுதணும். தீயணைப்புத் துறைக்கு ஒரு நகல் போகும். அது என் கையில இல்ல. அவங்க சும்மா விடமாட்டாங்க.

— எண்ணினது வாசல்ல நிக்கறவங்கதான சார்.

— ஆமா. அதான் எனக்குச் சங்கடமே. ஏன்னா பனி மண்டபத்துக்கு வாசல் மேற்பார்வையாளர்னு போட வேண்டியிருந்தப்ப, உங்க தம்பி பேரத்தான் மொதல்ல எழுதினேன். ஒன்பது வருஷத்துல ஒரு தடவ கூட அளவு மீறல, இப்படி ஒரு ஒழுங்கான ஆள் வேற யாருன்னு. உத்தரவு போன வாரமே குடுத்தாச்சு. சொல்லியிருப்பாரே?

— சொல்லல.

— அக்கா, நான் சொல்லணும்னுதான்...

— போன வாரமேவா?

— ஆமா மேடம். கையெழுத்து போட்டு வாங்கிக்கிட்டார்.

— என் பாட்டுக்கு நான் மூட்டை கட்டிட்டு இருந்தேன். இவன் பக்கத்துல நின்னு ஒயர் சுத்திக் குடுத்தான்.

— அக்கா, எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. உனக்கு வேலை போகுது, எனக்கு வேலை வருதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?

— போதும்.

— மேடம், உங்க வீட்டு விஷயத்துல நான் தலையிடல. எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்கள விட, மேடைல நின்னவங்களுக்குத்தான் தெரியும். இந்த ஹால் என்னிக்காவது நெறஞ்சிருக்கா?

— சார், அக்காவக் கேக்காதீங்க. நானே சொல்றேன். வாசல்ல நின்னது நான்தான். ஜோ...

— நீ சும்மா இரு.

— இல்லக்கா, சொல்லிடறேன். உன் மூஞ்சியப் பாத்துட்டு என்னால முடியல. சார், நான் ஒவ்வொரு ராத்திரியும்...

— சும்மா இருன்னு சொன்னேன்ல! பெரியவங்க பேசும்போது குறுக்க பேசற பழக்கம் இன்னும் போகலையா உனக்கு? போ, போயி அந்த ட்யூப்லைட்ட அணைச்சுட்டு வெளில நில்லு.

— அக்கா...

— போடா. சின்னவளுக்கு மத்தியானத்தோட ஸ்கூல் விட்டுடும். போயி அவளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ.

— மேடம், அவர் ஏதோ சொல்ல வந்தார்.

— ஒண்ணுமில்ல சார். அக்காவுக்கு வேலை போகுதேன்னு அவனுக்கு வருத்தம். அதுல ஏதாவது உளறுவான்.

— அப்ப இந்தத் தரை?

— மட்டமான பலகை சார். உங்க பொருள் வாங்கற பிரிவுல வாங்கினதுதான, அங்கயே கேளுங்க.

— மேடம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் நான் எழுதப் போறேன். உங்க பேரப் போட்டு, உங்க கையெழுத்தும் வாங்கணும். அப்புறம் மாத்த முடியாது.

— எழுதிக்குங்க சார். தம்பி எண்ணினது சரி. ஒன்பது வருஷத்துல என் பாட்டக் கேக்க ஒரு நாள் கூட இந்த ஹால் நெறஞ்சதில்ல.